கதாநாயகிக்கு விலை என்ன?

கலை யாருக்காக என்ற வினா தமிழுக்குப் புதியதன்று. நாவலைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் திரைப்படத்தைப் பற்றியும் அவ்வினாவை எழுப்பி வாதிட்டு வந்திருக்கிறோம். ஆயினும், இன்று எமது மாணவரின் ஓய்வு நேரத்தைப் பெரிதும் ஆட்கொண்டுள்ள ஒரு கலை வடிவத்தை மட்டும் நாம் விமர்சனத்துக்கு உரியதாகக் கருதுவதில்லை. வீடியோ விளையாட்டுக்களையே குறிப்பிடுகிறோம். 'பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாகத் திரிகிறார்கள்' என்று சலித்துக்கொள்வதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுகிறது. சலிப்பு விமர்சனமாகாது. கதையும் பாத்திரமும் காட்சியும் இசையும் ஒருங்கே அமைந்த ஒன்று, கோடிக்கணக்கான இளைஞரின் மனத்திலே ஆண் யார், பெண் யார், வீரம் எது என்ற எண்ணங்களை நாள்தோறும் பதித்து வருமாயின், அதை ஆராய்வது எமது கடன்.

இது மாநகரங்களின் பிரச்சினை, நாயாற்றுக் கடற்கரையில் இதற்கென்ன வேலை என்று கேட்போரும் உளர். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, இணையவழிக் கல்விக்கென்று கடன்பட்டேனும் கைத்தொலைபேசி வாங்கிய குடும்பங்கள் வன்னியெங்கும் உண்டு. பாடசாலைகள் திறந்தன, தொலைபேசி வீட்டிலே தங்கிவிட்டது. பாடம் வந்த வழியாகவே விளையாட்டும் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்றிருக்கும்போது அது முதலில் அண்ணன் கைக்கே போகிறது. தங்கச்சி தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். அவள் பார்க்கும் அந்தச் சின்னத் திரையிலே அவளைப்போல ஒருத்தி இருக்கிறாளா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

வரலாற்றைச் சற்று நோக்குவோம். யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ 1981இல் வெளியிட்ட 'டொங்கி கொங்' விளையாட்டிலே ஒரு பெருங்குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்கிறது. அவளை மீட்பது ஆடவன் வேலை. அவளுக்கு அங்கே வேறு வேலை இல்லை; அவள் பரிசுப் பொருள். அடுத்த ஆண்டிலே 'பக்மன்' விளையாட்டுக்கு ஒரு பெண் வடிவம் பிறந்தது. வட்ட உருவம் அதேதான். தலையில் ஒரு சிவப்பு நாடாவும் உதட்டிலே சாயமும் சேர்ந்தன. ஆண் என்பது இயல்பு, பெண் என்பது அதன்மேல் ஒட்டிய அலங்காரம் என்னும் கருத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

1986இல் வந்த 'மெற்றொயிட்' இன்னும் நுட்பமானது. கவசம் பூண்ட வீரன் ஒருவனாக நின்று ஆடி முடித்தபின், அந்த வீரன் உண்மையில் சாமஸ் என்னும் பெண் என்று தெரியவருகிறது. புரட்சிகரமான திருப்பம் என்று இதைப் போற்றுவோர் உண்டு. ஆனால் விரைவாக ஆடி முடித்தவனுக்கு அவளைக் குறைந்த ஆடையுடன் காட்டுவதே பரிசாக வைக்கப்பட்டது. வீராங்கனை ஈற்றிலே மீண்டும் பரிசுப் பொருளாகிவிட்டாள். 1996இல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்து நிறுவனம் ஒன்று படைத்த 'ரூம் ரெய்டர்' லாரா குறொவ்ற் என்னும் ஆராய்ச்சியாளரைக் கதையின் நடுவிலே நிறுத்தியது. அறிவும் துணிவும் மிக்க பாத்திரம். எனினும் விளம்பரங்கள் அவளது அறிவை விற்கவில்லை, உடலையே விற்றன. படைப்பாளி ஒன்றைச் செய்ய, விற்பனையாளன் அதனை வேறொன்றாக மாற்றிவிடுகிறான் என்பதற்கு இது முதற் பெருஞ்சான்று.

இதற்குப் பின் வந்த காலத்தைத் 'தெரிவின் காலம்' எனலாம். ஆணாக ஆடுவதா, பெண்ணாக ஆடுவதா என்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம் என்றார்கள். சமத்துவம் வந்துவிட்டது போன்ற தோற்றம். தோற்றத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது விமர்சனம் அன்று.

கனடாவின் பயோவெயர் நிறுவனம் 2007இல் தொடங்கிய 'மாஸ் எவெக்ற்' தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் தலைமைப் பாத்திரமாகிய ஷெப்பேர்டை ஆணாகவோ பெண்ணாகவோ அமைத்துக்கொள்ளலாம். உள்ளே இருவருக்கும் ஒரே கதை, ஒரே அதிகாரம். வெளியிலோ, பெட்டியின் அட்டையிலும் விளம்பரத்திலும் ஆண் ஷெப்பேர்டே நின்றான். மூன்றாவது விளையாட்டு வெளிவந்த 2012 வரை பெண் ஷெப்பேர்டுக்கென ஒரு முழு விளம்பரப்படம் கிடைக்கவில்லை. ஆடுவோரில் நூற்றுக்கு 18 பேரே பெண்ணைத் தெரிகின்றனர் என்று 2011இல் அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தும் பிரிவினர் கூறினர். தொடரின் புதுப்பித்த பதிப்பு 2021இல் வந்தபோது நிறுவனமே வெளியிட்ட கணக்கிலே அத்தொகை 32 ஆகியிருந்தது. பாத்திரம் அதே பாத்திரம். கதை அதே கதை. காட்டப்படாதபோது தெரிந்தவர் சிலர். காட்டப்பட்டபின் தெரிந்தவர் கூடினர். தெரிவு என்பது ஆடுபவரின் மனத்திலே தானாக முளைப்பதன்று. கண்முன் எது வைக்கப்படுகிறதோ அதனால் அது உருவாக்கப்படுகிறது.

'பெண்ணை வைத்தால் விலைபோகாது' என்பது வணிகரின் நிரந்தரப் பல்லவி. பிரெஞ்சு நிறுவனமாகிய யூபிசொவ்ற் 2018இல் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிறீட் ஒடிசி' பண்டைய கிரேக்கத்திலே நிகழும் கதை. கசாண்டிறா என்னும் சகோதரியை மட்டுமே தலைமைப் பாத்திரமாக வைக்கப் படைப்பாளர் முதலில் எண்ணியிருந்தனர் என்றும், பெண் தனியே நின்றால் விற்பனையாகாது என்று மேலிடம் கருதியதால் அலெக்சியோஸ் என்னும் சகோதரனும் சேர்க்கப்பட்டான் என்றும் 2020இல் புளூம்பேர்க் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. 'விரும்பியவரைத் தெரியுங்கள்' என்று எமக்கு வழங்கப்பட்ட சுதந்திரத்தின் பிறப்புக் கதை இதுதான். பெண்ணுக்கு இடம் கொடுக்கத் திறந்த கதவன்று அது. அவளுக்குரிய இடத்திலே பாதியை ஆணுக்கு எழுதிக் கொடுத்த உறுதி.

விலைபோகாது என்னும் வாதத்துக்குப் புள்ளிவிவரமும் காட்டுவார்கள். அதையும் நோக்குவோம். அமெரிக்காவின் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்று 2012இல் ஆராய்ந்த 669 விளையாட்டுக்களில், பெண்ணை மட்டுமே தலைமைப் பாத்திரமாகக் கொண்டவை 24. அவற்றின் விற்பனை குறைவுதான். ஆனால் அவற்றின் விளம்பரத்துக்குச் செலவிடப்பட்ட பணமோ, ஆண் நாயகன் விளையாட்டுக்களுக்குச் செலவிட்டதில் நூற்றுக்கு 40 பங்கு மாத்திரமே. விதை நெல்லைக் குறைத்துவிட்டு விளைச்சல் குறைந்தது மண்ணின் குற்றம் என்பவனை எமது கமக்காரர் என்ன சொல்வார்கள்? 2017இல் வெளிவந்த 'ஹொறைசன் சீரோ டோன்' ஏலொய் என்னும் பெண்ணைத் தனி நாயகியாகக் கொண்டது. சொனி நிறுவனம் அதற்கு முழுமனத்துடன் விளம்பரம் செய்தது. 2021க்குள் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. நீர் பாய்ச்சிய வயல் விளைந்தது.

இவையெல்லாம் விலையுயர்ந்த இயந்திரங்களில் ஆடப்படுபவை. எமது பிள்ளைகள் கண்ணாலும் காணாதவை. எமது பிள்ளைகளிடம் உள்ள மலிவான தொலைபேசியிலே நிலைமை என்ன? 2011இல் வெளியான 'ரெம்பிள் ரன்' என்னும் ஓட்ட விளையாட்டை அறியாத மாணவர் அரியர். அதில் ஆடவன் ஒருவன் இலவசமாகவே தொடக்கத்தில் நின்றான். பெண்ணாகிய ஸ்காலெற் வேண்டுமெனில் 10,000 நாணயங்கள் சேர்க்க வேண்டியிருந்தது. பொறுமையில்லாதவர் உண்மைப் பணம் கொடுத்து அந்நாணயங்களை வாங்கலாம் என்றிருந்தது. 2015இல் அமெரிக்காவிலே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இத்தகைய ஓட்ட விளையாட்டுக்கள் ஐம்பதைத் தானே ஆராய்ந்து 'வொஷிங்ரன் போஸ்ற்' பத்திரிகையில் எழுதினாள். ஆண் பெண் வேறுபாடு தெரியும் விளையாட்டுக்களிலே நூற்றுக்கு 98 ஆண் பாத்திரம் தந்தன. பெண் பாத்திரம் தந்தவை 46. ஆணை இலவசமாகத் தந்தவை 90. பெண்ணை இலவசமாகத் தந்தவை 15. அக்கட்டுரை வெளிவந்தபின் சில நிறுவனங்கள் தம் வழக்கத்தை மாற்ற முன்வந்தன. ஒரு சிறுமியின் கணக்குப் புத்தகம் செய்த வேலை அது. எமது வகுப்பறைகளிலே இத்தகைய ஆராய்ச்சி ஏன் நிகழக்கூடாது?

ஆண் இலவசம், பெண் மேலதிகச் செலவு. இச்சிறு விதியின் பொருளை நாயாற்றிலிருந்து நோக்கினாற்றான் முழுமையாக உணரலாம். அமெரிக்கச் சிறுமி தந்தையிடம் சில டொலர் கேட்கலாம். கருவாடு காயவைத்து நாட்கூலி பெறும் தாயின் மகள் யாரிடம் கேட்பாள்? வர்க்கமும் பால் வேறுபாடும் தனித்தனியே அல்ல, ஒன்றன்மேல் ஒன்றேறி அவளை அழுத்துகின்றன. ஏழைப் பெண்பிள்ளை தன்னைத் தானே காண்பதற்கும் விலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதபோது ஆடவன் உருவிலே ஓட வேண்டும்.

பெண்ணை நடுவில் வைத்த கதை மக்களைக் கவராது என்பவர்களுக்கு எமது மாவட்டத்திலேயே மறுமொழி உண்டு. ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையிலே திரளும் மக்கள் வெள்ளத்தை அறியாதார் யார்? பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கதையை மட்டும் நோக்குவோம். அரசவையிலே தனியே நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணின் கதையன்றோ இத்தனை நூற்றாண்டுகளாக வன்னி மக்களை ஈர்த்து வந்திருக்கிறது! ஆனால் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே கதையை முல்லைத்தீவிலே ஆடும் கூத்துக்கு எமது முன்னோர் இட்ட பெயர் 'கோவலன் கூத்து'. உள்ளே கண்ணகி, அட்டையிலே கோவலன்! மாஸ் எவெக்ற் பெட்டியின் மேல் ஆணை நிறுத்திய வணிகனைக் கண்டிக்கும்போது, எமது வீட்டுப் பெயர்ப்பலகையையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தல் நலம்.

இனித் தமிழ் நாயகியிடம் வருவோம். 2023 யூலையிலே ரொறன்ரோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் கணவன் பாவலனுடன் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண்ணே தலைமைப் பாத்திரம். இங்கே பெண்ணா ஆணா என்ற தெரிவு இல்லை. ஆடுபவர் எவராயினும் வெண்பாவின் கைகளாலேயே தொடங்க வேண்டும். தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு, விடுபட்டவற்றை ஊகித்து, இட்டலியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். மகன் கவின் வளர வளரத் தாய்மொழியிலிருந்து விலகிச் செல்கிறான்; தாய் மேசை நிறையச் சமைத்துவைத்து அவனுக்காகக் காத்திருக்கிறாள். 2024இலே பிரித்தானியாவின் பவ்ரா விருதுகளிற் சிறந்த முதற் படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது.

முற்போக்காளருக்கு இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. உலக அரங்கில் ஏறிய தமிழ்க் கதாநாயகியும் அடுப்படியிலேதானா நிற்க வேண்டும்? ஐயம் நியாயமானதே. ஆயினும் எமது முடிவு வேறு. அடுப்படியிலே பெண்ணை வைப்பது மட்டும் பிற்போக்காகிவிடாது. அவளது உழைப்பை மறைத்து, சாப்பாடு தானாக மேசைக்கு வந்ததுபோலக் காட்டுவதே பிற்போக்கு. 'வெண்பா' அவ்வுழைப்பை மறைக்கவில்லை. எதை முதலில் இடுவது, நீராவி எவ்வழியே ஏறும் என்று ஆடுபவனையே சிந்திக்க வைக்கிறது. தவறினால் மீண்டும் செய்ய வைக்கிறது. தாயின் வேலையை ஒருநாளும் தொட்டறியாத மகன், அது அறிவும் நினைவும் கலந்த வேலை என்பதைக் கைவழியே கற்கிறான். துப்பாக்கி ஏந்திய ஆடவனின் இடத்திலே துப்பாக்கி ஏந்திய பெண்ணை நிறுத்திவிட்டுச் சமத்துவம் என்பதைக் காட்டிலும் இது ஆழமான மாற்றம். போர் வேறெங்கோ ஒரு திரையில் நிகழும் விளையாட்டன்று என்பதை 2009க்குப் பின் வாழும் நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை.

எனினும் 'வெண்பா' ஒரு தொடக்கமே. அதன் நாயகி குடும்பத்துக்குள்ளேயே தொடங்கி, குடும்பத்துக்குள்ளேயே நிறைவு காண்கிறாள். வன்னியின் பெண் அங்கே நிற்கவில்லை. போருக்குப் பின் ஆணில்லாத வீடுகளைத் தம் தோளிலே தாங்கியவர்கள் பெண்கள். காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடி 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியிலும் மார்ச் 8இல் முல்லைத்தீவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களிலே முன்னின்றவர்கள் தாய்மார். பெண் தலைமைப் பாத்திரம் நம்பத்தக்கதன்று என்று சொல்லும் விற்பனையாளன் இந்த மண்ணுக்கு வந்து பார்க்கட்டும். இங்கே நம்ப முடியாதது, பெண் இல்லாமல் நடக்கும் கதைதான்.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் செய்ய வேண்டியது தொலைபேசியைப் பறிப்பதன்று. நாவலை வாசிக்கக் கற்பிப்பதுபோல விளையாட்டையும் வாசிக்கக் கற்பித்தல் வேண்டும். அட்டையிலே நிற்பது யார்? இலவசமாகக் கிடைப்பது யார்? கதையை நகர்த்துவது யாருடைய உழைப்பு? இம்மூன்று வினாக்களையும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்கப் பழகிவிட்டால், அவளை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்றிவிடாது. தொழில்நுட்பம் கற்கும் எமது இளைஞர் அடுத்த படியை எடுக்கட்டும். கடனும் தேடலும் உழைப்புமாக நாயாற்றுக் கரையிலே நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கும் கதைக்கு ஒரு திரை வடிவம் கொடுக்கட்டும். அதில் வரும் பெண் பாத்திரத்தைப் பெற எந்தப் பிள்ளையும் பத்தாயிரம் நாணயம் கொடுக்க வேண்டியிராதபடியும் பார்த்துக்கொள்ளட்டும்.