நூற்பட்டியலில் தாராவி: எழுத்துப்பெயர்ப்பும் தேடலும்

தாராவி பற்றிய நூல்கள் எந்நூலகத்திலும் ஒரே அலமாரியில் அமைவதில்லை. டூயி தசமப் பகுப்பு முறையில் தோல் பதனிடுதல் 675 என்னும் எண்ணிலும், மட்பாண்டக் கலை 738 இலும், தமிழ் இலக்கியம் 894.811 இலும் இடம்பெறும். இவ்வாறு சிதறியவற்றை ஒருங்கே காட்ட வல்லது நூற்பட்டியலில் வரும் இடப்பெயரே. அது பிறழின் தேடலும் பிறழும்.

அமெரிக்கக் காங்கிரசு நூலகம் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு ஒலிப்பிலா ஒலிக்குரிய உரோமன் எழுத்தையே எவ்விடத்தும் தருகிறது. தமிழ் வரிவடிவத்தை மீட்டெடுக்க இது துணைசெய்யும். அதன் சிறப்பும் அதுவே. ஆனால் மராத்தியில் தாராவியின் முதலொலி ஒலிப்புடை மூச்சொலியாகும். செம்பூரின் பகரமும் மாட்டுங்காவின் ககரமும் ஒலிப்புடையன. ஆங்கில எழுத்துக்கூட்டல் இவ்வொலிகளையே தழுவுகிறது. ஆகவே, அக்கூட்டலைக் கொண்டு தேடுவோர்க்குத் தமிழ்த் தலைப்பில் உள்ள இப்பெயர்கள் அகப்படா. ஆய்வு நூலுக்குப் பொருள் தலைப்பு மாற்றுவழியாகும். பொருள் தலைப்பு இடப்பெறாத புதினத்திற்கு அதுவும் இல்லை.

மேற்குறி, கீழ்க்குறிகளை நீக்கித் தேடினால் வலி, வளி, வழி மூன்றும் ஒரே வடிவாகிவிடும். 1995ஆம் ஆண்டுப் பெயர் மாற்றத்தால் பம்பாய், மும்பை இரண்டையும் தேட வேண்டியுள்ளது.

இவற்றால் அட்டவணை குறையுடையது எனல் பொருந்தாது. எழுத்தைக் காக்க அமைந்த கருவியைக் கொண்டே ஒலிவழித் தேடலையும் நிகழ்த்த முயல்வதே குறை. தமிழ் வரிவடிவம், எழுத்துப்பெயர்ப்பு, வழக்கு வடிவம் ஆகிய மூன்றும் ஒரே பதிவில் இணைதல் வேண்டும். சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காத்தல் பற்றியது. அவ்விதி நிறைவேற, வழக்கு வடிவங்களைத் தொகுத்தளிக்கும் பணியை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்க வேண்டும்.