இ-சிம்: போடுவது சுலபம், எடுப்பது?

இ-சிம் பற்றித் தமிழில் வந்திருக்கும் கட்டுரைகளும் வீடியோக்களும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கின்றன. செட்டிங்ஸ் போங்க, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. கம்பெனி விளம்பரமும் அதையேதான் சொல்கிறது. அது பொய் இல்லை. ஆனால் ஒரு சிம் நல்லதா கெட்டதா என்பதை அதைப் போடும் நாளில் வைத்துப் பார்க்கக் கூடாது, போன் செத்துப்போகும் நாளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் இன்றைய இ-சிம் ஏற்பாடு நம்மூருக்குப் பாதிதான் வெந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இ-சிம் என்றால் காற்றில் மிதக்கும் சிம் இல்லை. போனின் போர்டில் பற்றவைத்த ஒரு சில்லு. அட்டை சிம்மில் இருப்பது செய்கிற அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது: நம்பருக்குரிய ரகசியச் சாவி உள்ளே இருக்கும், நெட்வொர்க் ஒரு எண்ணை அனுப்பிக் கேட்கும், சில்லு சாவியை வைத்துக் கணக்குப் போட்டுப் பதிலை அனுப்பும், சாவி மட்டும் வெளியே வராது. அட்டையில் இந்தச் சாவியைக் கடைக்கு வரும் முன்பே எழுதிவிடுகிறார்கள். இ-சிம்மில் அது பின்னால் இணையம் வழியாக வந்து இறங்குகிறது. அப்படி இறங்கும் கட்டுக்குப் பெயர் ப்ரொஃபைல். நாம் ஸ்கேன் செய்யும் கோடில் நம்பரும் கிடையாது, சாவியும் கிடையாது. எந்த சர்வரில் போய் எந்த அடையாளச் சொல்லைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற விலாசச் சீட்டு அது, அவ்வளவுதான். செல்போன்களுக்கான இந்த விதிகளை ஜிஎஸ்எம்ஏ அமைப்பு 2016-ல் வெளியிட்டது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2018 மே மாதம் அனுமதி கொடுத்தது. அதே வருடம் செப்டம்பரில் ஐபோன் எக்ஸ்எஸ் வந்தது.

இதில் கவனித்தால், இரண்டு தனித்தனிச் சமாசாரங்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ப்ரொஃபைலைத் தூரத்திலிருந்து இறக்குவது ஒன்று. சில்லைப் போர்டில் பற்றவைப்பது இன்னொன்று. முதலாவதுக்கு இரண்டாவது அவசியமே இல்லை. ப்ரொஃபைல் இறக்கிக்கொள்ளவும் முடியும், கழற்றி இன்னொரு போனில் போடவும் முடியும் என்கிற அட்டைகள் இருக்கத்தான் செய்கின்றன. பெர்லினில் உள்ள சிஸ்மோகாம் நிறுவனம் அப்படி ஒன்றை விற்கிறது. போன் தயாரிப்பவருக்குப் பற்றவைப்பதில் லாபம் உண்டு: தட்டு வேண்டாம், ஓட்டை வேண்டாம், தண்ணீர் புகும் வழி ஒன்று குறையும், மிச்சமாகும் இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்கலாம். நமக்கு என்ன நஷ்டம் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

நஷ்டம் தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1991-ல் மியூனிக்கின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் ஃபின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் 300 சிம் அட்டைகளைச் செய்து கொடுத்தது. அப்போது கிரெடிட் கார்டு அளவு. பிறகு 25க்கு 15 மில்லிமீட்டர், அப்புறம் 15க்கு 12, கடைசியில் விரல் நகம் போல 12.3க்கு 8.8. அட்டை சுருங்கிக்கொண்டே வந்தது, கொள்கை சுருங்கவில்லை. சந்தா வேறு, கருவி வேறு. சந்தாவை நீயே எடு, வேறு கருவியில் போடு, யாரிடமும் கேட்க வேண்டாம்.

இதன் அருமை தெரியணும்னா 2003-ஐ நினைச்சுப் பாருங்க. 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ரிலையன்ஸ் 'மான்சூன் ஹங்காமா' நடத்திய வருடம். எனக்கு அப்போது காலேஜ் வயசு. அந்த சிடிஎம்ஏ போன்களில் சிம் கிடையாது. நம்பரைக் கருவியிலேயே பதிந்து கொடுத்தார்கள். கருவியை மாற்ற வேண்டுமென்றால் கம்பெனி வாசலுக்குத்தான் போக வேண்டும். ஜிஎஸ்எம் வைத்திருந்த பையன்கள் சிம்மைக் கழட்டி நண்பன் போனில் போட்டுப் பேசுவார்கள், ரிலையன்ஸ்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இ-சிம்மை அதோடு சேர்த்துப் பேசுவது முழுக்க நியாயம் இல்லை என்பதும் தெரியும். இன்று ஒரே போனில் எந்த கம்பெனி ப்ரொஃபைலையும் இறக்கலாம், ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், விதிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் 'யாரிடமும் கேட்க வேண்டாம்' என்ற அந்த ஒன்று போய்விட்டது. போனை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

எங்கள் மாமா ஒருவர் இலஞ்சியில் இருக்கிறார், ரிட்டயர்டு வாத்தியார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் பொங்கலுக்கு வந்தபோது புது போன் வாங்கிக் கொடுத்து, நம்பரை இ-சிம்முக்கும் மாற்றிவிட்டுப் போனான். நல்ல எண்ணம்தான். சீசன் ஆரம்பித்து, சென்னையிலிருந்து வந்த விருந்தாட்களைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவி போன அன்று போனுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஸ்கிரீன் கறுப்பு. மறுநாள் என்னிடம் வந்தார்.

"மருமவனே, பீரோவுல பழைய பட்டன் போன் ஒண்ணு கெடக்கு. சிம்ம கழட்டி அதுல போட்டுக் குடு, போதும்."

"மாமா, இதுல கழட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன நம்பர் எங்கதான் இருக்கு?"

நான் படித்த எந்த இ-சிம் வழிகாட்டியும் இந்தக் கேள்விக்கு வருவதில்லை. நம்பர் கம்பெனியிடம் பத்திரமாக இருக்கிறது. அதை நிரூபிக்கும் சாவி செத்த போர்டில் இருக்கிறது. புதுச் சாவி கேட்க எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், அதே நம்பரிலிருந்து. ஆப்பில் கேட்கலாம், ஓடிபி அதே நம்பருக்கு வரும். க்யூஆர் கோடு ஈமெயிலில் வரும். மாமாவின் ஈமெயில் அந்த ஒரு போனில்தான் திறந்திருந்தது, வேறு இடத்தில் திறந்தால் சரிபார்க்கும் எண் அதே நம்பருக்குப் போகும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. கடைசியில் தென்காசிக்கு இரண்டு நடை. முதலில் போன கடையில் ரீசார்ஜும் புது சிம்மும் மட்டும்தான், மாற்று சிம்முக்கு கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஆதார், போட்டோ எல்லாம் முடிந்து அட்டை சிம் கிடைத்தது. பட்டன் போனில் போட்டதும் பேச முடிந்தது. எஸ்எம்எஸ் வர இன்னும் ஒரு நாள்.

அந்த ஒரு நாள் கடைக்காரர் தவறு இல்லை. மாற்று சிம் போட்டால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் கூடாது போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் உத்தரவு போட்டது. யாரோ நம் பெயரில் சிம் வாங்கி பேங்க் பணத்தை உருவுவதைத் தடுக்க அது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு போர்ட் பண்ணவும் முடியாது. இரண்டும் சரியான விதிகள் என்றே நினைக்கிறேன். ஆனால் இவை அட்டை தொலைந்தவனை மனதில் வைத்து எழுதியவை. அட்டையைக் கையால் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு மாற்றுவதை எந்த விதியும் தொடுவதில்லை. இ-சிம்மில் அதே காரியம் சிம் மாற்றமாகக் கணக்காகி, பெரும்பாலும் ஒரு நாள் ஓடிபியை இழக்க வைக்கிறது.

வெளியேறும் வழி, செத்துப்போன பொருளையே நம்பி இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வேறு கம்பெனிக்குப் போக ஏர்செல் நம்பரிலிருந்தே போர்ட் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அனுப்ப சிக்னல் இல்லை. ஆட்கள் கடை வாசலில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அன்றைக்கு அது ஒரு கம்பெனி திவாலானதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது, அதனால் செய்தியானது. இ-சிம்மில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரவர் போன் சாகும் நாளில் வரும். செய்தியாகாது.

போடும் வேலையாவது சுலபமா என்றால், அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஜியோவின் எஸ்எம்எஸ் வழியில் 32 இலக்க ஈஐடியையும் 15 இலக்க ஐஎம்இஐயையும் (இரண்டும் *#06# அடித்தால் தெரியும்) டைப் செய்து 199-க்கு அனுப்ப வேண்டும். மொத்தம் 47 இலக்கம். பதிலாக வரும் 19 இலக்க எண்ணைத் திரும்ப அனுப்ப வேண்டும். ஏர்டெல்லில் ஈமெயில் முகவரியை 121-க்கு அனுப்பி, பதில் வந்த 60 வினாடிக்குள் 1 என்று உறுதி செய்ய வேண்டும். ஆப் வழியும் இருக்கிறது. பிறகு க்யூஆர் கோடு வந்து சேர்வது அதே போனில். தன் திரையைத் தானே எப்படி ஸ்கேன் பண்ணும்? புது மாடல்களில் படத்தை அழுத்திப் பிடித்தால் வழி திறக்கும், பலருக்குத் தெரியாது. அதனால் கோடை வாட்ஸப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறார்கள். ப்ரொஃபைல் இறங்கும்வரை அந்தக் கோடு யார் கையில் இருக்கிறதோ அவர் அதை இறக்கிவிட வாய்ப்பு உண்டு என்று எந்த கம்பெனியும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. 'உங்கள் சிம்மை இ-சிம் ஆக்குகிறோம்' என்று பேசி, லிங்க் அனுப்பி, நம்பரைத் தங்கள் போனுக்குக் கொண்டுபோகும் மோசடி பற்றி உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025-ல் எச்சரித்தது. நடைமுறை இவ்வளவு புதிராக இருந்தால், உதவ வருகிறவனுக்கும் ஏமாற்ற வருகிறவனுக்கும் ஜனங்களால் வித்தியாசம் காண முடியாது.

வேடிக்கை என்னவென்றால் 2025-ல் கடைசியாக வந்த பிஎஸ்என்எல் தமிழ்நாட்டில் செய்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. சேவை மையத்துக்கு நேரில் போ, அடையாளத்தைக் காட்டு, கோடை வாங்கு. பழைய காலத்து முறைதான். ஆனால் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். போனைத் திருடியவன் முதலில் செய்வது சிம்மைப் பிடுங்கி எறிவது. இ-சிம்மில் அது முடியாது, தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கடையநல்லூர் பக்கம் கல்ஃபில் வேலை பார்ப்பவர்கள் இல்லாத தெரு குறைவு. அவர்கள் அந்த நாட்டு சிம்மைத் தட்டில் போட்டுக்கொண்டு ஊர் நம்பரை இ-சிம்மில் வைத்தால், பேங்க் ஓடிபிக்காக இரண்டாவது போன் தூக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது போனை ரீசெட் செய்தால் இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும். யோசிக்காமல் சரி என்று தட்டிவிடாதீர்கள். பழைய க்யூஆர் கோடு பத்திரமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லாமல் போகலாம், அநேகமாக அது ஒரு தடவைச் சீட்டு. மறுபடி இறக்க அனுமதிப்பதும் மறுப்பதும் கம்பெனியின் இஷ்டம் என்றே விதிகள் விட்டுவைத்திருக்கின்றன. 2022-ல் வந்த மூன்றாம் பதிப்பில் கருவி மாற்றத்துக்கு வழி சேர்த்தார்கள், அதுவும் கம்பெனி மனது வைத்தால்தான்.

அமெரிக்காவில் 2022-லேயே ஐபோன் 14-இல் தட்டை எடுத்துவிட்டார்கள். 2025-ல் வந்த ஐபோன் ஏரில் எந்த நாட்டிலும் தட்டு கிடையாது. மற்ற போன்களில் தட்டு இருக்கும்வரை எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு: பேங்க், ஆதார், கேஸ் எல்லாவற்றோடும் இணைந்த நம்பர் அட்டையில், டேட்டாவுக்கு மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது நம்பர் இ-சிம்மில். கல்ஃப் போகிறவர்களுக்கு மட்டும் இது தலைகீழ். அவர்கள் ரோமிங்கை ஊரிலேயே ஆன் பண்ணி, ஓடிபி வருகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு ஏர்போர்ட் போவது நல்லது.