எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

போன மாசம் நண்பர் ஒருத்தர் தன் வீட்டில் ‘நியூயார்க் சவர்’ கலக்கிக் கொடுத்தார். அறுபது மில்லி போர்பன் விஸ்கி, முப்பது எலுமிச்சைச் சாறு, இருபது சர்க்கரைப் பாகு. ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்டினார். பிறகு ஸ்பூனின் முதுகில் சிவப்பு ஒயினை மெல்ல வழியவிட்டார். பாகு சேர்ந்த கலவை கனம், ஒயின் லேசு. கீழே பொன்னிறம், மேலே ரத்தச் சிவப்பு, கோடு கிழிச்ச மாதிரி நின்னுச்சு. அழகுதான், மறுக்கல. எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணாடிக் கிளாஸ். டீக்கடையில் சிரட்டையில் வாங்கிக் குடிச்சவரோட பேரனுக்கு அதுதான் முதல்ல கண்ணில் படும், ருசி அப்புறந்தான்.

அவர் பார்த்துக் கலக்கிய புத்தகத்தைப் புரட்டினேன். வழவழப்பான தாள், கலர் படங்கள். எடு, ஊற்று, குலுக்கு, பரிமாறு. எல்லாம் ஏவல் வினை. ஏவலுக்கு எழுவாய் தேவையில்லை. செய்கிறவன் பெயர் தெரியவேண்டிய அவசியமே இல்லை. இன்று வீட்டில் கலக்குகிறவர் தன்னைத் தானே ஏவிக்கொள்கிறார். அமெரிக்கத் தெற்கில் ஏவியவன் ஒருவன், செய்தவன் வேறொருவன். அடிமையாக இருந்த நியரஸ்ட் கிரீனிடம்தான் ஜாக் டேனியல் விஸ்கி வடிக்கக் கற்றார் என்பதை அந்தக் கம்பெனி உலகறியச் சொன்னது 2016இல்தான்.

டாம் புல்லக் என்ற கறுப்பர் எழுதிய ‘தி ஐடியல் பார்ட்டெண்டர்’ 1917இல் வந்தது. செயின்ட் லூயிஸில் வெள்ளைக்காரப் பணக்காரர்களின் கன்ட்ரி கிளப்பில் மது கலக்கியவர் அவர். நான் இதைத் தன்வரலாறாக வாசிக்கிறேன். முன்னுரை ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் என்ற வங்கிக்காரர் எழுதியது. பின்னாளில் ஜனாதிபதிகளான இரண்டு புஷ்களின் மூதாதை. 1845இல் பிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றுக்கும் காரிசன் என்ற வெள்ளையரின் முன்னுரை வேண்டியிருந்தது. ஆனால் டக்ளஸ் சவுக்கடியைச் சொன்னார். புல்லக் சொல்வது அளவுகளை மட்டுமே. கூலி, அம்மா, பட்ட அவமானம் எதுவும் கிடையாது.

1913இல் முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தன்னைக் குடிகாரன் என்று எழுதிய பத்திரிகையாளர் மீது தான் போட்டிருந்த வழக்கில் சாட்சி சொன்னார். அந்த கிளப்பில் ஒரு ‘ஜூலெப்’பில் கொஞ்சம்தான் குடித்தேன் என்றார். டாம் கலக்கியதைப் பாதியில் வைக்கிறவன் எவன் என்று செயின்ட் லூயிஸ் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. பாராட்டுத்தான். ஆனா வெறும் ‘டாம்’. குடிச்சவருக்கு முழுப்பேர், கலக்கினவருக்கு அரைப்பேர்.

புல்லக்கின் ஜூலெப் குறிப்பு சின்னது. பெரிய வெள்ளிக் குவளை, தண்ணீரில் கரைத்த சர்க்கரைக் கட்டி, பொடித்த ஐஸ், இரண்டு அளவு போர்பன், ஒரு கொத்து புதினா. கடைசியில் ஓர் எச்சரிக்கை: புதினாவைக் கசக்கிவிடாதே. இந்த இடத்தில் அவர் குரல் கேட்கிற மாதிரி இருக்கு. முதலாளிகளின் கையைப் பார்த்து ஏவுகிறார். அதிகமா வாசிக்கிறேனோ என்னவோ.

குடியைக் கொண்டாட வரல. அது எங்க தெருவில் எத்தனை தாலி அறுத்ததுன்னு எனக்குத் தெரியும். என் புகார் நம் விமர்சகர்கள் மேல். வலி இருந்தால் சாட்சியம், தொழில் நுணுக்கம் இருந்தால் வெறும் தகவல் என்று ஒதுக்குகிறார்கள். பறையை எவ்வளவு நேரம் தீயில் காட்டணும், தோலை எப்படி இழுத்துக் கட்டணும்னு ஒருத்தர் எழுதினால் அதுவும் தலித் எழுத்துத்தான். புல்லக்கின் மௌனத்தைக் குறையாகப் பார்க்கிறவர்கள் அவர் விரல்களின் அறிவைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு நண்பரிடம் ஜூலெப் கேட்டேன். வெள்ளிக் குவளைக்கு எவர்சில்வர் டம்ளர்தான். புதினாவைக் கையில் வைத்து நசுக்கப் போனார்.

“நசுக்காதீங்க.”

“யாரு சொன்னா?”

“டாம் புல்லக்.”