அணங்கும் கள்வரும்

பேய்ப்படம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதியோர் ஒரு குறை கூறுவர். அக்காலத்தில் படம் பார்த்துத் திரும்பியவர் இரவில் புறவாசலுக்குச் செல்லவும் அஞ்சினர். இக்காலப் பிள்ளைகளோ சிரிக்கின்றனர் என்பது அவர்தம் குறை. பழைய படத்துப் பேய் அட்டையும் பஞ்சும் கொண்டு செய்தது, அதற்கு நடுங்கியவர் பேதையர் என்பர் இளையோர். இரு சாராரும் அச்சத்தை மரக்கால் கொண்டு அளக்கின்றனரேயன்றி, அவரவர் அஞ்சியது எதற்கு என்று கேட்டாரில்லை.

மெய்ப்பாட்டியலைப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இக்கேள்வி புதிதன்று. அச்சம் பிறக்கும் நிலைக்களன் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்பது தொல்காப்பியம். கள்வர் என்பதற்குத் தீத்தொழில் புரிவார் என்றும், இறை என்பதற்குத் தந்தை, ஆசிரியர், அரசன் முதலாயினார் என்றும் உரைகாரர் விரித்துப் பொருள் கொண்டனர். (ஆசிரியரைப் பேயோடும் புலியோடும் ஒரே வரிசையில் வைத்ததைப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தால், தொல்காப்பியரைப் பெரிதும் போற்றுவர்!) இந்நான்கையும் உடன்கொண்டு மலாய்ப் பொந்தியானாக் படங்களை நோக்குவார்க்கு, சுவைஞர் உள்ளம் எவ்வழிச் சென்றது என்பது புலப்படும்.

'பொந்தியானாக்' என்னும் முதற் படம் 1957-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தார் எடுத்தது. இயக்கியவர் பி.என். ராவ். அவர் தமிழ்ப் பட உலகில் பழகியவர். 1945-இல் வெளிவந்த 'சாலிவாகனன்' அவர் இயக்கியதே. கதைத்தலைவி சோமேல் கூனியாய், அழகற்றவளாய் வளர்ந்தவள். சோமேல் என்ற மலாய்ச் சொல்லுக்கு அழகி என்பது பொருள்; பெயரிலேயே ஒரு கொடுமை இருக்கிறது. மந்திரத்தால் அவள் பேரழகு பெறுகிறாள். ஆனால் மனிதக் குருதியை நாவால் தீண்டலாகாது என்பது கட்டளை. மணந்து, ஒரு மகளையும் பெற்று, வாழ்ந்து வருகையில் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்க அவள் குனிகிறாள். குருதி நாவிற்படுகிறது. அந்நொடியே அவள் அணங்காகிறாள்.

இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கவேண்டும். இங்குப் பழிசுமத்த ஓர் ஆளில்லை. கணவன் கொடியவனல்லன். சோமேலோ அவன் உயிரைக் காக்க முனைந்தவள். அவளைப் பேயாக்கியது அவளுடைய அன்பு. மரியா மெனாடோ இவ்வேடத்தில் பெற்ற புகழ் அவர்தம் வாழ்நாள் முழுதும் உடன்வந்தது. அவ்வாண்டிலேயே 'டெண்டாம் பொந்தியானாக்', மறு ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' என இரு படங்கள் தொடர்ந்தன. பேயான பின்னும் தாயாகவே நின்று மகளைக் காக்க அவள் வருவதில்தான் அத்தொடரின் உயிர் இருந்தது.

அக்காலச் சுவைஞர் இதனை ஏற்றுக்கொண்டதற்குத் திரைக்கு வெளியே ஒரு காரணம் உண்டு. பொந்தியானாக் என்பது மகப்பேற்றோடு கூடிய சாவு பற்றிய நம்பிக்கை. பிள்ளைப்பேற்றில் இறந்த தாய் லங்சுயிர் ஆவாள் என்றும், பிறந்திறந்த சிசுவே பொந்தியானாக் என்றும் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் 1900-இல் எழுதிய மலாய் மந்திர நூல் பிரித்துக் கூறும். படம் எடுத்தோர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். 1950-களின் தொடக்கத்தில் மலாயாவில் 1,00,000 பிறப்புக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். கம்பத்திலாயினும் தோட்டத்து லயத்திலாயினும், அவ்வாறு போன ஒரு தமக்கையையோ அண்டை வீட்டாளையோ அறியாதவர் அரியர். திரையில் வெள்ளாடையுடன் வந்தவள் அவர்களுக்கு முற்றிலும் அயலாள் அல்லள். தமிழகத்து ஊர்களில் சூலோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் இருந்ததை ஈண்டு நினைக்கலாம். இறக்கி வைக்காத சுமையோடு போனாளே என்ற அதே இரக்கம் அங்கே கல்லாய் நின்றது. இங்கே பேயாய் அலைந்தது.

மருத்துவச்சியரும் தாய்சேய் நல நிலையங்களும் ஊர்தோறும் வந்தபின் அத்தொகை இறங்கிக்கொண்டே வந்தது. 2000-க்குப் பின் பெரும்பாலான ஆண்டுகளில் அது 30-ஐச் சுற்றியே நின்றது. சிங்கப்பூர்ப் படக்கூடங்களும் மூடப்பட்டன. மலேசியத் தணிக்கையில் பேய்ப்படத்துக்கு நெடுங்காலம் இடம் அரிதாயிற்று. 2004-இல் ஷுஹைமி பாபா 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' என்ற படத்தோடு அவளை மீண்டும் அழைத்துவந்தபோது, பார்க்க வந்தவர் பிள்ளைப்பேற்றுச் சாவைச் செய்தித்தாளில் மட்டும் அறிந்த தலைமுறையினர்.

அப்படத்து மெரியாம் 1949-இல் வாழ்ந்த கமெலான் நடனமாது, சூலுற்றிருக்கையில் கொலையுண்டவள். கொலைக்கு ஆசையும் பொறாமையும் காரணம். மாயா காரினின் நடிப்பும் படத்தின் ஒளியமைப்பும் பாராட்டத்தக்கன. ஆனால் அஞ்சத்தக்கவன் யார்? செல்வனாய் முதுமையடைந்த கொலைஞனே. அணங்கு அவனைப் பிடித்துக்கொடுக்க வந்த சான்றாளியாகிவிட்டாள். 2019-இல் வந்த 'டெண்டாம் பொந்தியானா'க்கும் அவ்வாறே. 1965-ஆம் ஆண்டுக் கம்பமொன்றில் திருமணம் நடக்கிறது. ஊரைச் சூழும் கேட்டின் வேர் மணமகன் மறைத்துவைத்த குற்றத்தில் இருக்கிறது. அச்சத்தின் நிலைக்களன் அணங்கினின்று கள்வருக்கு மாறிவிட்டது. இன்றைய சுவைஞருக்குக் குற்றவாளி ஒருவன் வேண்டும். அவன் இல்லையேல் கதை முடியாதது போல் தோன்றுகிறது.

இதனை இழிவு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒரு கூனிப் பெண் வாழ்வு பெற ஏன் மந்திரத்தை நாடவேண்டும் என்று 1957-ஆம் ஆண்டுப் படம் கேட்கவில்லை. ஊராரின் ஏளனத்தையும் விதியின் கணக்கில் எழுதிவிட்டது. பெண்ணுக்குத் தீங்கிழைத்தவனைப் பெயர் சொல்லிக் காட்டும் துணிவு பின்வந்த படங்களுக்கே உரியது. எனினும், பழி தீர்ந்ததும் பார்ப்போரின் நெஞ்சமும் இலேசாகிவிடுகிறது. சோமேலுக்கு அவ்வாறு ஒரு தீர்வு இல்லை. யாரையும் நோக முடியாத துயரம் அது.

2018 ஆகஸ்டு மாதம் ஒரு விந்தை நிகழ்ந்தது. மாமாட் காலிட்டின் 'ஹந்து காக் லிமா', ஷம்சுல் யூசோப்பின் 'முனாபிக் 2' ஆகிய இரு படங்கள் அம்மாதத்திலேயே வெளிவந்தன. ஒவ்வொன்றும் 3 கோடி வெள்ளிக்கு மேல் ஈட்டியது. முன்னது பேய் கண்டு ஓடும் ஊராரைக் காட்டிச் சிரிக்க வைத்தது. அஞ்சுகின்றவனைக் காண்பவனுக்கு இரக்கமும் தோன்றலாம், நகையும் தோன்றலாம். அங்கே நகை வென்றது. பின்னதில் சமய மருத்துவர் ஒருவர் தீய ஆவிகளை எதிர்த்து நிற்கிறார். முனாபிக் என்பதற்குப் புறத்தே நம்பிக்கையும் அகத்தே பொய்யும் உடையவன் என்று பொருள். அங்கு அச்சம் நான்காம் நிலைக்களனாகிய இறையைச் சார்ந்தது. தன் உள்ளத்தை அறிந்த ஒருவன் முன் நிற்கும் அச்சம் அது. ஒரே திங்களில் ஒரே கூட்டம் இரண்டு அரங்கிலும் நிறைந்திருக்கக்கூடுமெனில், இளையோர்க்கு அஞ்சத் தெரியாது என்ற முதியோர் வழக்கு நிலைபெறாது.

1957-ஆம் ஆண்டுப் படத்தின் சுருள் இன்று கிடைப்பதில்லை. 'சும்பா பொந்தியானாக்' மட்டும் காணக் கிடைக்கிறது. மேற்படிவ மாணவர்க்கு மெய்ப்பாட்டியல் நடத்தும் ஆசிரியர், அதனையும் 2004-ஆம் ஆண்டுப் படத்தையும் அடுத்தடுத்துக் காணச் செய்து, அஞ்சிய இடம் எது, இரங்கிய இடம் எது என்று தனித்தனியே எழுதி வாங்கிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே இடமாக எத்தனை தாளில் வருகிறது என்பதை எண்ணிக்கொள்ளுதல் நன்று.