இரும்புக்கரமும் திறமையும்

"இந்த நாட்டைத் திருத்த ஒரு ஹிட்லர் வரவேண்டும்" என்ற பேச்சு தேநீர்க்கடையில் மட்டுமன்றி, ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கிறது. 2018 ஜூன் மாதம் அஸ்கிரிய பீடத்தின் அநுநாயக்க தேரர் ஒருவர், ஹிட்லராக மாறியேனும் நாட்டைக் கட்டியெழுப்புமாறு கோத்தாபய ராஜபக்ஷவிடம் கூறினார். 2021 ஏப்ரலில் இராஜாங்க அமைச்சர் ஒருவரும் அதே போக்கில் பேசவே, ஹிட்லர் எந்த அரசியல்வாதிக்கும் முன்மாதிரி அல்லர் என்று ஜேர்மன் தூதுவரே நினைவூட்ட நேர்ந்தது.

கோத்தாபய ஆட்சியை நாஸி ஆட்சி என்று நாம் கூறவில்லை. அது தேர்தலால் வந்து, மக்கள் எழுச்சியால் போன ஆட்சி. உரிமை குறைந்தால் திறமை கூடும் என்ற நம்பிக்கையே நமது ஆராய்ச்சிக்குரியது.

ஹிட்லருக்கு மக்கள் ஆதரவு இருந்ததை மறுப்பதற்கில்லை. 1933 மார்ச் தேர்தலில், அடக்குமுறைக்கு நடுவிலும், அவர் கட்சி பெற்றது 43.9 வீதமே. அறுபது இலட்சம் பேர் வேலையற்றிருந்த நாட்டில் வேலை கிடைத்தபோது ஆதரவு பெருகியது. ஆனால் அவ்வேலையில் பெரும்பங்கு போர்த் தயாரிப்பு. யூதர்களும் பெண்கள் பலரும் வேலையிலிருந்து விலக்கப்பட்டனர். அவர் பெயரால் புகழப்படும் நெடுஞ்சாலைகளில் கொலோன்-பொன் சாலை 1932லேயே திறக்கப்பட்டுவிட்டது. 1933 மே 2ஆம் திகதி தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. கூலி கொடுத்த கையே கேள்வி கேட்ட வாயை அடைத்தது. அந்தத் 'திறமை' பன்னிரண்டே ஆண்டுகளில் பிணக்குவியலிலும் இடிபாட்டிலும் முடிந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். 2019ல் 69 இலட்சம் வாக்குகள் பெற்றவரிடம், 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் அதிகாரத்தைக் குவித்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே கட்டளையால் தடைப்பட்டது. விவசாய அறிஞர் எச்சரித்தும் கட்டளை நின்றது. நவம்பரில்தான் தடை நீங்கியது. 2021ல் சுமார் 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி, 2022ல் சுமார் 25 கோடியாயிற்று. கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். கொழும்பில் செய்த தவறு இறம்பொடைப் பெண்ணின் கூடையிலேயே விடிகிறது. கட்டளையிடுவதில் விரைவு கண்ட ஆட்சி, தன் தவற்றை அறிவதில் விரைவு காணவில்லை.

தோட்டத்து மக்களுக்கு இது புதுப்பாடமன்று. விடியற்காலைப் பிரட்டு, கங்காணியின் அதட்டல், துரையின் ஒரு சொல் என்று தோட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் திறமையாகவே நடந்தது. தேயிலை தவறாமல் துறைமுகம் சேர்ந்தது. லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டேயிருந்தது.

"1948ல் நம் பிரஜாவுரிமையைப் பறித்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றம்தானே?" என்று நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. வாக்கு மட்டும் சிறுபான்மையைக் காக்காது. எனினும் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் உரிமை மீண்டதற்குச் சங்கங்களின் இடையறாத போராட்டமும் பேச்சுவார்த்தையும் பெருங்காரணம். இரும்புக்கரம் முதலில் நசுக்குவது அச்சங்கங்களைத்தான்.

ஆகவே, மாணவன் ஒருவன் ஹிட்லர் வேண்டுமென்றால் ஆசிரியர் அதட்ட வேண்டாம். அதட்டல் அந்த ஆசைக்கே துணைபோகும். ஆட்சி தவறினால் அதைத் தவறென்று சொல்ல அங்கே யார் மிஞ்சுவர் என்று அவனைக் கேட்கட்டும்.