வினாத்தாள் என்னும் பிரதி

கதையையும் கவிதையையும் மட்டுந்தான் விமர்சனம் செய்யணுமா? நம்ம பிள்ளைகள் வருஷா வருஷம் கட்டாயமாக வாசிக்கிற பிரதி ஒன்று இருக்கிறது. அது வினாத்தாள். பிளஸ் டூ தமிழ்த் தாளில் 'அடிமாறாமல் எழுதுக' என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். அந்தச் செய்யுள் உனக்குப் பிடித்ததா, அதில் வருகிற ஊரில் உன் தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் விடைக்குறிப்பு தயாரிக்க முடியாதே. எங்க அம்மா நாற்றங்காலைப் பார்த்தே எத்தனை கட்டு நாற்று தேறும்னு சொல்லிடும். அந்தக் கணக்குக்கு எந்த வினாத்தாளிலும் இடமில்லை.

கேள்வி வராத பாடத்தை நடத்த வேண்டியதில்லை என்பதுதான் இந்தப் பிரதியின் அதிகாரம். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், பெயரெடுத்த தனியார் பள்ளிகள் அந்த வருஷத்துப் பாடத்தைத் தூக்கி ஓரமா வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. 'ப்ளூ பிரிண்ட்' பார்த்து, எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டு, மிச்சத்தை விட்டுவிடுவார்கள். அரசு என்ன செய்தது? 2017-18இல் பதினொன்றுக்கும் ஒரு பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. வாத்தியாரைப் பாடம் நடத்த வைக்க இன்னொரு பரீட்சையைத் தவிர அரசுக்கு வேறு வழி தெரியவில்லை! 2025இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் 'பரீட்சையை ஒழி' என்று மேடையில் முழங்குகிறவர்களோடு என்னால் முழுசாகச் சேர முடியவில்லை. பொதுத்தேர்வு விடைத்தாளில் என் பேர் கிடையாது, அப்பன் பேர் கிடையாது, தெரு கிடையாது. திருத்துகிறவர் என் மூஞ்சியைப் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டம்மி நம்பர். சாதி பார்க்காமல் என்னைப் படித்த முதல் வாசகர் அவர்தான். செய்முறைத் தேர்வில் அப்படி இல்லை. வாய்மொழிக் கேள்விக்கு முன்னால் தேர்வாளர், "எந்தத் தெருடா?" என்றார். "காலனி சார்" என்றேன். அப்புறம் கேள்வியே வரல. பிப்பெட்டில் அளக்கத் தெரியாமல் திணறிய பக்கத்துப் பையனுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். இது பள்ளிக்கூடத்தோடு முடிகிற சங்கதியும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி பற்றி சுகதேவ் தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையிலும் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் நடக்கிற பாரபட்சம் பற்றி தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது.

பேரில்லாத அந்தத் தாளை நம்பித்தான் நம்ம பிள்ளைகள் உருப்போட்டார்கள். உருப்போட்டு ஜெயித்தபோது என்ன ஆச்சு? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 2017இல் 1200க்கு 1176 வாங்கினாள். அந்தப் பரீட்சை செல்லாது, நீட் எழுது என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனாள். செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டாள். கற்றலைத் தின்ற பரீட்சையையே கற்றுத் தேர்ந்தவள் அவள். அவள் வந்து சேர்ந்தபோது வாசலை வேறு பக்கம் வைத்துவிட்டார்கள்.

மனப்பாடத்துக்கு மாற்றாகத் தொடர் மதிப்பீடு, அகமதிப்பீடு என்று கல்வியாளர்கள் சொல்கிறார்கள். நல்லது. 2018-19இலிருந்து பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் 100க்கு 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. அந்த 30 நம்மை நேரில் பார்த்துப் போடுகிற மதிப்பெண். எந்தப் பள்ளியில், எந்தச் சாதிப் பிள்ளைக்கு, அதில் எவ்வளவு விழுந்தது? கணக்கு தேர்வுத் துறையிடம் இருக்கும். அதை முதலில் வெளியே போடட்டும், அப்புறம் எழுபதைக் குறைப்பது பற்றிப் பேசலாம்.