இலவசக் கருவிகளும் இணைய எழுத்தின் உடைமையும்

இணையத்தில் எழுதவும், எழுதியதை வாசகரிடம் கொண்டுசேர்க்கவும், காணொளிகளை ஏற்றி ஒளிபரப்பவும் இன்று புழங்கும் கருவிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சல் முகவரி ஒன்றும் கடவுச்சொல் ஒன்றும் இருந்தால் எவரும் அரை மணி நேரத்தில் தமக்கென ஒரு வலைப்பூவையோ யூடியூப் சேனலையோ தொடங்கிவிடலாம். இவற்றை அறிமுகப்படுத்தும் தமிழ்க் கையேடுகள் பெரும்பாலும் கணக்குத் தொடங்கும் முறை, பக்கத்தை அழகுபடுத்தும் முறை, வருமானம் ஈட்டும் முறை ஆகியவற்றை விளக்குவதோடு நின்றுவிடுகின்றன. நுழைவது எளிது என்பதை மட்டும் கொண்டு ஒரு கருவியை எடைபோடுவது பாதி மதிப்பீடே ஆகும்; அதை நடத்தும் நிறுவனம் விதியை மாற்றும்போதோ சேவையை மூடிவிடும்போதோ, எழுதியவர் தம் எழுத்தையும் வாசகரையும் இழக்காமல் வெளியேற இயலுமா என்று கேட்டால்தான் மீதிப் பாதி விளங்கும். தமிழில் இணைய எழுத்து கடந்துவந்த இருபதாண்டுகளுக்கு மேலான பாதை, இந்தக் கேள்விக்குத் தேவையான சான்றுகளைத் தன்னகத்தே வைத்திருக்கிறது.

இக்கருவிகள் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1999ஆம் ஆண்டு பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கி, 2003இல் கூகுள் வாங்கிய பிளாகரும், அதே 2003இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த வேர்ட்பிரஸும் தமிழுக்கு வந்துசேர்ந்த காலம், தமிழ்க் கணிமை திஸ்கி, டாப், டாம் எனப் பலவகைக் குறியாக்கங்களில் சிதறிக் கிடந்த காலமாகும். குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி தனக்குள் வைத்துக்கொள்ளும் எண்களின் முறை. எழுதியவரின் குறியாக்கத்துக்கு ஏற்ற எழுத்துரு படிப்பவரிடம் இல்லையென்றால், திரையில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியும், அதில் தட்டச்சிட உதவிய எ-கலப்பை போன்ற மென்பொருள்களும் பரவியபோது இச்சிக்கல் தீர்ந்தது. எவ்விதக் கட்டணமும் இன்றிப் பதிப்பிக்கும் வசதியும் அதே வேளையில் வந்து கூடியது. இதழாசிரியரின் மேசையைத் தாண்டி அச்சேற வாய்ப்பற்றிருந்த பொருள்கள், ஒரு வட்டாரத்தின் சமையல், ஒரு தொழிலின் நுட்பச் சொற்கள், புலம்பெயர்ந்தோரின் அன்றாடம், திரைப்படங்களைப் பற்றிய நீண்ட வாதங்கள் ஆகியவை, இதனால் எழுத்தில் பதிவாயின. பதிவர், இடுகை, பின்னூட்டம், திரட்டி என்று ஒரு சொல்வளமே இந்தப் பழக்கத்தினுள் இயல்பாக முளைத்து நிலைபெற்றது என்பது, அது எவ்வளவு ஆழமாக வேர்கொண்டது என்பதைக் காட்டும்.

திரட்டி என்ற கருவியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வலைப்பூவும் தன் புதிய இடுகைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் செய்தியோடை எனப்படும் ஒரு கோப்பில் தானாகவே வெளியிடுகிறது. நூற்றுக்கணக்கான வலைப்பூக்களின் ஓடைகளை அவ்வப்போது படித்து, புதியவற்றை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்தித் தருவது திரட்டியின் வேலை. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் இப்பணியைத் தமிழுக்குச் செய்தது. கோயம்புத்தூரில் எழுதியவரையும் யாழ்ப்பாணத்தில் எழுதியவரையும் சிங்கப்பூரில் எழுதியவரையும் ஒரே திண்ணையில் அமரவைத்த அப்பக்கத்தில், யார் எழுத்து மேலே நிற்கும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது காலவரிசை. எழுதிய மறுகணம் ஒரு புதியவருக்கும் மூத்தவருக்கும் ஒரே இடம் கிடைத்தது. இன்றைய சமூக ஊடகங்களின் பரிந்துரை முறையோடு ஒப்பிட்டால், இந்த எளிய நேர்மையின் அருமை புரியும்.

ஆயினும் இந்த ஏற்பாடு முழுவதும் பிறருக்குச் சொந்தமான ஒரு முகவரியின் மேல் நின்றது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு நாட்டின் சட்டப்படி நீக்க வேண்டிய பக்கத்தை அந்த நாட்டில் மட்டும் மறைப்பதற்கு வசதியாக, பிளாகர் தன் முகவரிகளை நாட்டுவாரியாகத் திருப்பிவிடத் தொடங்கியது; இந்தியாவிலிருந்து படிப்பவருக்கு ‘பிளாக்ஸ்பாட்.காம்’ என்ற முகவரி ‘பிளாக்ஸ்பாட்.இன்’ என்று மாறித் தோன்றியது. இடுகைக்கு வாசகர் வாக்களிக்கத் திரட்டிகள் தந்த, பழைய முகவரியை அடையாளமாகக் கொண்டு இயங்கிய வாக்குப்பட்டைகள் இதனால் தடுமாற, பதிவர்கள் பலர் முகவரியை மீண்டும் பழையதற்கே திருப்பும் சிறு நிரல்களைத் தேடிப்பிடித்துத் தம் வலைப்பூவின் வார்ப்புருவில் ஒட்டிக்கொண்டனர். இத்தோடு முடிந்திருந்தால் அதைச் சிறு தொல்லை என்று விட்டுவிடலாம். சில ஆண்டுகளில் அந்தத் திருப்பம் கைவிடப்பட்டது. 2020ஆம் ஆண்டில் ‘பிளாக்ஸ்பாட்.இன்’ என்ற பெயரே கூகுளின் கையைவிட்டு நழுவி வேறொருவருக்குப் பதிவாகி, விற்பனைக்கும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த முகவரியைப் படியெடுத்துக் கட்டுரைகளிலும் அடிக்குறிப்புகளிலும் பிற வலைப்பூக்களிலும் கொடுக்கப்பட்டிருந்த இணைப்புகள் ஒரே வீச்சில் செயலிழந்தன. எழுத்து அழியவில்லை, பழைய முகவரியில் பத்திரமாகவே இருந்தது; அதற்குச் செல்லும் வழிதான் அறுந்தது. எழுதியவர் எவரும் இதில் ஒரு பிழையும் செய்யவில்லை, எவரிடமும் ஒப்புதலும் கேட்கப்படவில்லை என்பதே இந்நிகழ்வை முக்கியமாக்குகிறது.

இதுபோன்ற இழப்புகள் வேறும் உண்டு. செய்தியோடைகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது, செய்தியோடை வழியாகத் தொடர்ந்து படித்துவந்த வாசகர்களின் பழக்கமே கலைந்தது. வலைப்பூக்களுக்கு முன்பு தமிழ் இலக்கிய உரையாடல் நிகழ்ந்த மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் முதலிய மின்னஞ்சல் குழுமங்களுக்கு இடமளித்த யாகூ குழுமச் சேவை 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டது. ஒரு தலைமுறை எழுத்தாளர்களின் பயிற்சிக்களமாக விளங்கிய அந்த மடல்களுள், தனிப்பட்ட அக்கறையோடு எவரேனும் சேமித்துவைத்தவையே எஞ்சியுள்ளன.

கருவிகளின் மற்றொரு குறை, அவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை என்பதிலிருந்து பிறக்கிறது. பிளாகரில் ஆங்கிலத் தலைப்பிட்டால் அத்தலைப்பின் சொற்களே இடுகையின் முகவரியாகும். தமிழ்த் தலைப்பிட்டாலோ, அதிலிருந்து எழுத்தெதையும் எடுக்க இயலாமல், ‘பிளாக்-போஸ்ட்_23’ என்பது போன்ற வெறும் எண்ணையே முகவரியாகத் தந்தது. வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் அங்கே வேறொரு நெருக்கடி காத்திருக்கிறது. இணைய முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது குறிகளாக விரிகிறது. மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் உள்ளன, அவை முகவரியில் 45 குறிகளாகின்றன. முகவரியின் அப்பகுதிக்கு அம்மென்பொருள் ஒதுக்கும் இடம் 200 குறிகள்தான். ஆகவே ‘தமிழ்நாட்டின் நாட்டுப்புறக் கலைகள்’ என்று தலைப்பிட்டால், முகவரி ‘தமிழ்நாட்டின்-நாட்டுப்ப’ என்ற இடத்தில் வெட்டுண்டு நிற்கிறது. இதிலிருந்து தப்பிக்கப் பதிவர்கள் முதலில் ஆங்கிலத் தலைப்பிட்டு வெளியிட்டு, முகவரி அமைந்தபின் அதைத் தமிழுக்கு மாற்றும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். தம் மொழியில் எழுத வந்தவர், கருவியை நிறைவுசெய்ய முதற்படியில் பிறமொழியை நாட வேண்டியிருந்தது என்பது சிறு செய்தியாகத் தோன்றினாலும், மன்னிக்கத்தக்க குறையன்று.

இணையச் சந்தைப்படுத்தல் என்று அழைக்கப்படும் துறை, அதாவது தேடுபொறி, விளம்பரம், மின்னஞ்சல், சமூக ஊடகம் ஆகியவற்றின் வழியே வாசகரையோ வாடிக்கையாளரையோ ஈர்க்கும் முறைகளின் தொகுப்பு, ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வை மேலும் கூர்மையாக்கியது. வலைப்பக்கத்தின் பொருளுக்கேற்ற விளம்பரங்களைக் காட்டி அதில் ஒரு பங்கை எழுதியவருக்குத் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. இந்தி 2014இலும் தமிழ் 2018 பிப்ரவரியிலும்தான் அதன் ஏற்பு பெற்ற மொழிகளாயின. தமிழ் வலைப்பூக்கள் மிகுந்த உயிர்ப்போடு இருந்த ஆண்டுகள் முழுவதும், தமிழில் மட்டுமே எழுதியவருக்கு அந்த வருமானத்தின் கதவு முறைப்படி திறக்கவில்லை. திறந்தபோது எழுதியவர்களுள் பலர் முகநூலுக்கும் காணொளிக்கும் குடிபெயர்ந்திருந்தனர். எழுத்துக்கு வருமானம் இல்லாதிருந்த அதே காலத்தில் தமிழ்க் காணொளிக்கு வருமானம் வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தமிழர் படிப்பதைவிடப் பார்ப்பதையே விரும்புகிறார்கள் என்று அடிக்கடி சொல்லப்படும் கூற்று எவ்வளவு அவசரமானது என்பது தெரியவரும்.

இத்துறையின் கருவிகளுள் பெரிதும் புறக்கணிக்கப்படுவது மின்னஞ்சல் பட்டியல். முகநூல் பக்கத்தை விரும்பியவர்களுக்கு ஒரு பதிவைக் காட்டுவதா வேண்டாமா என்பதை அந்நிறுவனத்தின் கணிப்புமுறை தீர்மானிக்கிறது. மின்னஞ்சல் முகவரியை மனமுவந்து தந்த வாசகருக்கோ, அனுப்பும் சேவை எதுவாக இருந்தாலும் மடல் சென்றுசேர வாய்ப்புண்டு, சேவை பிடிக்காவிட்டால் பட்டியலைச் சாதாரண அட்டவணைக் கோப்பாக இறக்கி வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணிக்கையில் சிறியதாயினும் எழுதுபவரின் கையில் உண்மையாக இருக்கும் வாசகர் கூட்டம் இதுவே. தமிழ் எழுத்தாளர்களும் சிறு பதிப்பாளர்களும் இதைக் கைக்கொள்ளத் தயங்குவது வருந்தத்தக்கது.

காணொளிக்கு வரும்போது, எழுத்துக்குப் பொருந்தும் அளவுகோலை அப்படியே வைப்பது நியாயமாகாது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். இணையத்தில் வழங்கும் ஒருங்குறி வடிவில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் இடம் கொள்வதால், ஆயிரம் சொற்கொண்ட கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட் ஆகும். வாரம் ஒன்றாகப் பத்தாண்டுகள் எழுதினாலும் மொத்தம் 16 மெகாபைட்டைத் தாண்டாது. நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் தெளிவான காணொளி ஒன்று அந்த அளவை அரை நிமிடத்துக்குள் விழுங்கிவிடும். அதே காணொளி ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டேகால் ஜிகாபைட். ஆயிரம் பேர் பார்த்தால் 2,250 ஜிகாபைட் தரவு சர்வரிலிருந்து வெளியேற வேண்டும். இதோடு, ஒரே காணொளியைப் பல தரநிலைகளில் உருவாக்கி, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, பார்ப்பவரின் இணைய வேகம் ஏறி இறங்குவதற்கேற்ப அடுத்த துண்டின் தரத்தை மாற்றி அனுப்பும் வேலையும் இருக்கிறது. சிற்றூரில் கைப்பேசியில் பார்ப்பவருக்குப் படம் மங்கினாலும் ஓட்டம் தடைபடாமல் இருப்பது இந்நுட்பத்தால்தான். இதைத் தனி ஒருவர் தம் செலவில் நடத்துவது அரிது. யூடியூப் அதை இலவசமாகச் செய்து, வழக்கமான காணொளிகளுக்கு விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டைப் பங்காகவும் தருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வயல்வெளியில் சமைத்துக் காட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2018இல் தொடங்கி 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரை எட்டியது, எந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தின் கதவையும் தட்டி நின்று பெற்ற வெற்றியன்று.

அந்த வலிமைக்கு ஈடாகக் கொடுக்கப்படும் விலையோ பெரிது. 2012இல் யூடியூப் தன் பரிந்துரையின் அடிப்படையைப் பார்வைகளின் எண்ணிக்கையிலிருந்து பார்க்கப்பட்ட நேரத்துக்கு மாற்றியது. நான்கு நிமிடத்தில் சொல்லத்தக்கதைப் பத்து நிமிடத்துக்கு இழுப்பதும், பதிலைக் கடைசிவரை ஒளித்துவைப்பதும் அதன்பின் காணொளி இலக்கணமாகவே ஆயின. 2018இல், ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாதவருக்கு விளம்பர வருவாய் இல்லை என்று விதி வந்தபோது, அதுவரை சிறிதளவு பெற்றுவந்த சிறு சேனல்கள் பங்கிழந்தன. தமிழ்க் காணொளிகளின் முகப்புப் படங்களில் திறந்த வாயும் சிவப்பு அம்புக்குறியும் பெருகியிருப்பதை ரசனைக் குறைவு என்று மட்டும் கண்டித்துவிட்டுப் போக முடியாது. அளக்கப்படும் பொருளுக்கேற்ப ஆக்கம் வளைந்திருக்கிறது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அச்செயலியில் மட்டும் இயங்கிய கலைஞர்கள் சில நாள்களில் தம் பார்வையாளர் அனைவரையும் இழந்து, வேறு தளங்களில் பூச்சியத்திலிருந்து தொடங்கினர். தடையின் நியாயம் தனி வாதத்துக்குரியது. பின்தொடர்வோரை ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச்செல்ல வழியே இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆகவே எழுத்து, காணொளி இரண்டுக்கும் தீர்ப்பு ஒன்றாக இருக்க இயலாது. காணொளி படைப்பவர் பெருந்தளத்தைச் சார்ந்திருப்பது கட்டாயத்தின் பாற்பட்டது. மூலக் கோப்பைத் தம் வன்தட்டில் வைத்துக்கொள்வதும், சமையற்குறிப்பானால் அளவுகளையும் நேர்காணலானால் பேச்சின் எழுத்துவடிவையும் தனியே பதிந்துவைப்பதுமே அவரால் இயன்ற காப்பு. எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சொந்த இணையப் பெயரைப் பிளாகரின் இலவச வலைப்பூவோடும் இணைத்துக்கொள்ளலாம். பின்னர் கருவியை மாற்றினாலும் இணைப்புகளைக் காத்துக்கொள்ள வழியிருக்கும். பிளாகரும் வேர்ட்பிரஸும் எல்லா இடுகைகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள இடந்தருகின்றன என்பது அவற்றின் மெய்யான சிறப்பு, பாராட்டுக்குரியது. ஆனால் அக்கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் மட்டுமே வருகின்றன. படங்களுக்குப் பதிலாக அவை இருக்கும் சர்வரின் முகவரிகளே இடம்பெறுகின்றன. பத்தாண்டுப் பயணக் கட்டுரைகளை இறக்கிவைத்து நிம்மதியடைந்தவர், படங்களைத் தனியே எடுக்காவிட்டால் கோயிற் சிற்பங்களின் விளக்கம் மட்டும் கையில் நிற்கக் காண்பார்.

கோப்பு கையில் இருப்பதன் பயனுக்கு மதுரைத் திட்டம் சான்று. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அத்திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் அந்நாளைய குறியாக்கத்தில்தான் வெளியிட்டது. அக்குறியாக்கம் வழக்கொழிந்தபோது அந்நூல்கள் அதனுடன் அழிந்துவிடவில்லை. அலங்காரமற்ற எளிய உரைக்கோப்புகளாக அவை நடத்துநர்களின் கையிலேயே இருந்தமையால், ஒருங்குறி வந்ததும் அவற்றை மாற்றி மீண்டும் வெளியிட முடிந்தது. இன்றும் அவை எந்தக் கைப்பேசியிலும் திறக்கின்றன.